கோபுரத்தில் மகன், வாசலில் மஞ்சள் தொப்பி

செல்போன் திரையில் புருசன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய தலைக்கு மேலே, கோட்டைக் கோபுரத்தின் உச்சியில், மகன் நின்றுகொண்டிருந்தான்.

ஜெகதீஸ்வரி திரையை விரலால் துடைத்துப் பார்த்தாள்.

"இஞ்சரப்பா, தெரியுதே? கோட்டை! எழுநூறு வருசப் பழசாம்!"

பேரின்பநாதன் இத்தாலியிலிருந்து கத்தினார். கத்தினால்தான் கனடாவில் இருக்கும் மோன்றியலுக்குக் கேட்கும் என்பது அவருடைய நம்பிக்கை. அங்கே, ரொக்ஸ்பரோ வீட்டுச் சோபாவில், மாவுக்கட்டுப் போட்ட வலது காலை ஸ்டூலில் தூக்கி வைத்தபடி, ஜெகதீஸ்வரி போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

சந்தேகமே இல்லை. அந்த நாவற்பழ நிறச் சட்டை, போன கிழமை அவள் கையாலேயே அயர்ன் பண்ணிக் கொடுத்தது. பக்கத்தில் மஞ்சள் சால்வை ஒன்று காற்றில் படபடத்தது. ஹம்சினி!

"நீங்கள் இண்டைக்கு ஏரியில எல்லோ நிக்கவேணும்?" குரல் நடுங்காமல் கேட்டாள்.

"படகுக்காரர் ஸ்ட்ரைக்காம். எங்கட அஞ்சலீனா பிள்ளை கெட்டிக்காரி. பஸ்ஸை அப்பிடியே மலைக்கு ஏத்திப்போட்டா. சனம் வராத கோட்டையாம். முழுக் கோட்டையும் எங்களுக்குத்தான்!"

முழுக் கோட்டையும்!

திரையில் மஞ்சள் தொப்பிகள் அலையலையாய் நகர்ந்தன. கோயில் மூத்தோர் சங்கத்தின் இத்தாலிச் சுற்றுலா. ஆள் தொலைந்துவிடக் கூடாது என்று எல்லோர் தலையிலும் ஒரே மஞ்சள் தொப்பி. வழிகாட்டி அஞ்சலீனா, மன்னாரில் பிறந்து இத்தாலிக்கு வாழ்க்கைப்பட்டவள், தமிழ்ச் சனத்துக்கென்றே பஸ் ஓட்டி ஊர் காட்டுகிறவள். ஜெகதீஸ்வரியும் அந்த பஸ்ஸில் இருந்திருக்க வேண்டியவள்தான். வீட்டுக்குப் பின்னாலுள்ள மர டெக்கில் வழுக்கி விழுந்தாள், கணுக்கால் போய்விட்டது. அவளுடைய சீட்டில் இப்போது புருசனின் சிநேகிதர் அருமைநாதன் உட்கார்ந்து வருகிறார். சீட்டு முழுவதையும் நிறைத்துக்கொண்டு.

பேரின்பநாதனைப் பொறுத்தவரை மகன் விதுர்சன் இந்த நேரம் லொங்குய்யில் ஆபிசில் இருக்கிறான். உண்மை தெரிந்த ஒரே ஆள் ஜெகதீஸ்வரி.

உண்மை இதுதான். மோன்றியலின் கர்க்லாண்ட் பகுதியில் குடியிருக்கும் தமிழ்நாட்டுப் பேராசிரியர் நாகசுப்பிரமணியனின் மகள் ஹம்சினி, பழைய கட்டடங்களின் சுண்ணாம்புச் சாந்தை ஆராய்ச்சி செய்கிறவள். மாநாட்டுக்கென்று இத்தாலிக்குப் போனாள். விதுர்சன் லீவு போட்டுவிட்டுப் பின்னாலேயே பறந்தான். ஹம்சினிக்குப் பிடித்த ஒரு பழங்கோட்டையின் உச்சியில், ஈ காக்கை இல்லாத தனிமையில், "என்னைக் கலியாணம் கட்டுறீரோ?" என்று கேட்கப் போகிறான். தேடித் தேடி, ஒருவரும் வராத கோட்டையாய்ப் பிடித்தான்.

அதே கோட்டை. அதே நாள். அதே மத்தியானம்!

பேரின்பநாதனுக்கு ஹம்சினியைப் பிடிக்கும். "வடிவான பிள்ளை, கெட்டிக்காரி" என்று அவரே சொல்லியிருக்கிறார். பிரச்சனை அவருடைய வாய். மகள் பிரஷாந்தினி பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்பதை, கோயில் அன்னதானத்தில் மைக்கைப் பிடித்து அறிவித்தவர் அவர். பந்தியில் சாம்பார் வாளியோடு நின்ற மருமகனுக்கே அப்போதுதான் தெரியும்.

இன்னொரு பிரச்சனை அதைவிடப் பெரியது. ஹம்சினியின் தம்பி வருண் தன் காதலியிடம் மவுன்ட் ரோயல் மலையில் வைத்துக் கலியாணம் கேட்டான். ட்ரோன், வயலின், சுற்றிலும் கைதட்டும் கூட்டம். அன்றைக்கு ரொக்ஸ்பரோவுக்கு வந்த ஹம்சினி, இதே சோபாவில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னாள்.

"எங்கிட்ட எவனாவது கூட்டத்தைக் கூட்டி, கேமராவைத் தூக்கி வச்சுட்டுக் கேட்டான்னா, பதில் நோ தான் ஆன்ட்டி. அவன் எவ்ளோ நல்லவனா இருந்தாலும் நோ."

விளையாட்டுக்குச் சொல்கிற முகம் இல்லை அது.

இப்போது கோபுரத்தின் மேல் அவள். கோபுரத்தின் கீழ் ஒரு பஸ் நிறைய யாழ்ப்பாணம், ஆளுக்கொரு கேமராவோடு.

"அடுத்தது கோபுரம்!" என்றார் பேரின்பநாதன். "ஒரே ஒரு சுழல்படிதானாம். ஆளுக்குப் பின்னால ஆளா ஏறவேணும்."

ஜெகதீஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரே ஒரு படி. ஏறுவதும் அதில்தான், இறங்குவதும் அதில்தான். மகன் வசமாய் மாட்டிக்கொண்டான்.

"இஞ்சேருங்கோ, முதல்ல சாப்பிடுங்கோவன்."

"புட்டும் சம்பலும் முத்தத்தில வச்சுச் சாப்பிட்டாச்சு."

"எல்லாரும் ஒரு குரூப் போட்டோ?"

"எடுத்தாச்சு. சிவநேசம் அக்கா கண்ணை மூடிப்போட்டா எண்டு திருப்பியும் எடுத்தாச்சு."

"டொய்லெட்?"

"நீர் என்னப்பா, நேர்சரிப் பிள்ளையளைக் கேக்கிற மாதிரி!"

கைவசம் இருந்த அம்புகள் எல்லாம் தீர்ந்தன. கடைசியாக ஒன்றை எடுத்து விட்டாள்.

"கோபுரத்தில ஒண்டும் இல்லையாம். ஏறாதேங்கோ."

அதுதான் பிழை. பேரின்பநாதனின் புருவங்கள் உயர்ந்தன.

"ஒண்டும் இல்லையோ? ஆர் சொன்னது? ஒண்டுமில்லை எண்டு ஒருத்தர் சொன்னால், அங்க என்னவோ இருக்கு." திரும்பிக் கத்தினார். "எல்லாரும் வாங்கோ! கோபுரம்! கோபுரம்!"

மஞ்சள் தொப்பிகள் வாசலை நோக்கித் திரும்பின.

ஜெகதீஸ்வரியின் விரல் பறந்தது. மகனுக்கு எடுக்க வேண்டும். உடனே. திரையில் எதையோ தட்டினாள், விதுர்சனின் பெயரைத் தேடினாள், அழுத்தினாள். மணி அடித்தது. அம்மா எடுத்தால் எந்த நேரமும் எடுப்பேன் என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போனவன், எடுத்தான். ஹம்சினிக்குக் கேட்கக் கூடாதென்று சுழல்படியில் இறங்கி, பாதி வழியில் யன்னல் போட்ட ஒரு திருப்பத்தில் நின்று, மூச்சு வாங்கியபடி, "என்னம்மா?" என்றான்.

அப்போதுதான் ஜெகதீஸ்வரி கண்டாள். திரை இரண்டாகப் பிரிந்திருந்தது. மேலே மகன். கீழே புருசன்.

புருசனோடு பேசிக்கொண்டிருந்த அழைப்பிலேயே மகனையும் சேர்த்துவிட்டிருந்தாள்!

"டேய் விது!" பேரின்பநாதனின் முகம் மலர்ந்தது. "காலமையே ஆபிசுக்குப் போட்டியோ?"

  

"ஓ... ஓமப்பா."

"பின்னால என்னடா கருங்கல்லுச் சுவர்?"

 ரொக்ஸ்பரோவில் ஒருத்தி பிள்ளையாரைக் கூப்பிட்டாள்.

"பேக்ரவுண்ட் அப்பா!" என்றான் விதுர்சன். "நீங்கள் இத்தாலியில எண்டபடியால், நானும் கம்ப்யூட்டரில ஒரு கோட்டைப் படம் எடுத்துப் பின்னால போட்டனான். சும்மா ஒரு ஜாலிக்கு."

'என்ர செல்லமே!' ஜெகதீஸ்வரி மனசுக்குள் மகனைக் கட்டிப்பிடித்தாள்.

"அட! அச்சு அசலா இருக்கு!" பேரின்பநாதன் போனை மூக்குக்குக் கொண்டுபோனார். "தலைமயிர் கூடப் பறக்குதே?"

"ஃபேன் அப்பா."

யன்னலில் ஒரு புறா வந்து உட்கார்ந்தது. விதுர்சனின் காதுக்குப் பக்கத்தில். கழுத்தைத் திருப்பிப் பேரின்பநாதனைப் பார்த்தது.

"புறா?"

"அது... அது வீடியோ பேக்ரவுண்ட் அப்பா. காசு கட்டினால் புறாவும் வரும்."

"என்ன கெட்டித்தனம் பார்!" பேரின்பநாதன் தொடையில் தட்டினார். "நானும் ஒண்டு வாங்கவேணும்."

அந்த நேரம் பார்த்துக் கோட்டை மணி அடித்தது. டாங்! பேரின்பநாதனின் பக்கமும் டாங். விதுர்சனின் பக்கமும் டாங். புறா பறந்தது.

பேரின்பநாதன் அண்ணாந்து மணிக்கூண்டைப் பார்த்தார். குனிந்து போனைப் பார்த்தார். கண்கள் சுருங்கின.

"லொங்குய்யிலயும் மணி அடிக்குதோ?"

"பக்கத்தில... சேர்ச் அப்பா."

நல்ல பதில். தப்பியிருப்பான். சத்தியமாய்த் தப்பியிருப்பான். ஆனால் அவனுக்குப் பின்னால், படியின் வளைவில், எல்லோருக்கும் முந்தியே ஏறத் தொடங்கிவிட்ட ஒரு மஞ்சள் தொப்பி முதலில் முளைத்தது. அதன் கீழே வேர்த்துக் கொட்டும் ஒரு முகம். அதன் கீழே, படியின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஓர் உடம்பு.

"அட, விதுர்சன் தம்பி!" என்றது அது. "எப்ப வந்தனீர்?"

பேரின்பநாதன் போனையே பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"இவன் அருமைநாதன் உன்ர பேக்ரவுண்டுக்குள்ள என்னெண்டு போனவன்?"

இனி மறைக்க ஒன்றுமில்லை. ஜெகதீஸ்வரி பாய்ந்தாள்.

"இஞ்சேருங்கோ! வாயைத் திறக்காமல் கேளுங்கோ. அவன் இத்தாலியிலதான் நிக்கிறான். உங்கட தலைக்கு மேல நிக்கிறான். மேல ஹம்சினி. இப்பதான் கேக்கப் போறான்."

"என்னத்தை?"

"உப்புப் புளியையே கேப்பான்? கலியாணத்தை!"

பேரின்பநாதனின் நெஞ்சு நிறைந்தது. முகம் நிறைந்தது. வாய் தானாகத் திறந்தது. காதளவு போகும் சிரிப்போடு, மஞ்சள் தொப்பிகளின் பக்கம் திரும்பி...

"வேண்டாம்!" ஜெகதீஸ்வரி போட்ட சத்தத்தில் ரொக்ஸ்பரோ வீட்டுக் கண்ணாடி அலுமாரி கிணுகிணுத்தது. "கூட்டம் கூடினால் அவ மாட்டன் எண்டுடுவா! ஒரு கேமராவைக் கண்டாலும் மாட்டன் எண்டுடுவா! என்னட்டைச் சொன்னவ, இந்தச் சோபாவில இருந்து சொன்னவ. உங்கட பிள்ளையின்ர வாழ்க்கை இப்ப உங்கட வாயிலதான் கிடக்கு. ஒருக்கா... ஒரே ஒருக்கா... பூட்டுங்கோ அதை!"

பேரின்பநாதனின் வாய் திறந்தபடியே நின்றது. ஒரு முழு நற்செய்தி அவருடைய தொண்டைக்குள் நின்று துள்ளியது. கன்னம் உப்பியது. மூக்கு விடைத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பின்னால் மஞ்சள் தொப்பிகள் படிவாசலை நெருங்கிவிட்டன. முன்னால் சிவநேசம் அக்கா, கையில் போன், போனில் வீடியோ.

"ஜெகா," என்றார் ரகசியமாய். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் ரகசியமாய்ப் பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. "வாயைப் பூட்ட எனக்கு ஏலாது. ஆனால் வேற என்னத்தையும் கதைக்க ஏலும்."

ஜெகதீஸ்வரிக்குப் பொறி தட்டியது.

"கதையுங்கோ! படிவாசலில நிண்டு கதையுங்கோ. போனை நிப்பாட்டிப்போட்டுக் கதையுங்கோ. ஓடுங்கோ!"

புருசனின் படம் மறைந்தது. இனி மேல்படியில் நிற்கிற இருவர்.

"அருமையண்ணை! கேக்குதோ?"

"ஓம் தங்கச்சி. முழங்கால் விட்டுப் போச்சு."

"விட்டது நல்லது. அப்பிடியே படியில இருங்கோ."

"இருந்தால் ஒருத்தரும் ஏறேலாதே, நான் படியை அடைச்சுப்போடுவன்."

"அதுக்குத்தான் இருக்கச் சொல்லுறன்! விது, ஓடு மேல!"

அருமைநாதன் படியில் உட்கார்ந்தார். போத்தலுக்குத் தக்கை போட்டது மாதிரி, கோபுரப் படி கச்சிதமாய் அடைபட்டது. ஆனால் விதுர்சன் ஓடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கால் ஓடுதில்லை, அம்மா. அவ இல்லை எண்டு சொன்னால்?"

"சொன்னால் திரும்பி வந்து அருமையண்ணைக்குப் பக்கத்தில இருந்து அழு. இப்பப் போ."

அப்போது கீழேயிருந்து, சுழல்படி வழியாய், குழாய்க்குள் வருவதுபோல் ஒரு குரல் கிளம்பி வந்தது. கோட்டை கட்டியவர்கள் எதிரியின் காலடி மேலே கேட்க வேண்டும் என்று கட்டினார்களோ என்னவோ, பேரின்பநாதனின் குரல் கணீரென்று கேட்டது.

"எல்லாரும் நில்லுங்கோ! வரலாறு தெரியாமல் இந்தப் படியில கால் வைக்கக் கூடாது! இதைக் கட்டின ராசாவுக்குச் சண்டையெண்டால் பயமில்லை. பேயெண்டால் பயமில்லை. ஒரே ஒரு ஆளுக்குத்தான் பயம். ஆர்? மாமியார்!"

சிரிப்பு வெடித்தது.

"வாசலுக்கு மேல ஓட்டை இருந்ததே, கண்டனியளோ? கொதி எண்ணெய் ஊத்துற ஓட்டை எண்டு சொல்லுவினம். பொய்! மாமியார் வாறாவோ எண்டு எட்டிப் பாக்கிற ஓட்டை!"

"அண்ணை," அஞ்சலீனாவின் குரல் திகைத்தது. "அப்பிடி ஒரு வரலாறு..."

"இன்னும் புத்தகத்தில வரேல்லை, பிள்ளை! ஓமெல்லோ?"

 பேரின்பநாதன் என்ன கண்ணைக் காட்டினாரோ, அந்தப் பெண் உண்மையிலேயே கெட்டிக்காரி.

"ஓம் ஓம்," என்றாள். "இப்பதான் கண்டுபிடிச்சவை."

"பொறும்," சிவநேசம் அக்கா குறுக்கிட்டாள். "மாமியார் எந்த ஊர்?"

"அடுத்த மலை, அக்கா."

"அடுத்த மலையில எந்தப் பக்கம்?"

"வடக்கு."

"அப்ப ராசாவுக்கு அவை சொந்தமோ, பிறத்தியோ? பேசிச் செய்ததோ, தானாப் பிடிச்சதோ?"

"ஓ, அதைச் சொல்லும் முதல்ல!" பல குரல்கள் சேர்ந்தன.

ஜெகதீஸ்வரி சோபாவில் சாய்ந்தாள். இனிப் பயமில்லை. ஊரும் உறவும் தெரியாமல் இந்தச் சனம் ஒரு படியும் ஏறாது. ராசாவின் பூட்டன் வரைக்கும் விசாரித்துத்தான் விடும்.

"இப்பப் போ ராசா," என்றாள் மகனிடம்.

விதுர்சன் ஓடினான். அழைப்பை நிறுத்த மறந்துவிட்டான். அவனுடைய கையோடு போனும் ஓடியது. ஜெகதீஸ்வரியின் திரையில் கல், கல், இருட்டு, வெளிச்சக் கீற்று, மறுபடி கல் என்று எல்லாம் சுழன்றது. ரொக்ஸ்பரோ சோபாவும் சேர்ந்து சுழல்வது போலிருந்தது. அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். பிறகு திடீரென்று வானம். மீன்வால் மாதிரிப் பிளந்த மதில் முனைகள். தூரத்தில், கீழே, பச்சையும் நீலமுமாய் ஏரி. மஞ்சள் சால்வை.

"எங்கடா போயிட்டே?" ஹம்சினியின் குரல். "இங்க வந்து பாரு, இந்தச் சாந்துல செங்கல் பொடி கலந்திருக்கான். எவ்ளோ அழகு பாரேன்!"

சுவரைத் தடவிக்கொண்டு நின்றாள். திரும்பவில்லை. போனைக் காணவில்லை.

ஜெகதீஸ்வரியின் கண் திரையில் ஒட்டிக்கொண்டது. ஒரே மகன். அவன் கேட்பதைப் பார்க்கலாம். அவள் முகம் மாறுவதைப் பார்க்கலாம். மூச்சுக் காட்டாமல் இருந்தால் ஆருக்குத் தெரியும்? கால் முறிந்து வீட்டில் கிடப்பவளுக்கு இதுகூட இல்லையா?

அந்தச் சோபாவின் மற்ற மூலையைப் பார்த்தாள். ஹம்சினி உட்கார்ந்து தீர்ப்புச் சொன்ன இடம். குஷன் இன்னும் சரிந்தே கிடந்தது.

இப்போது அந்தக் கோபுரத்தில் இருக்கிற ஒரே கேமரா அவளுடையது.

"ஹம்சி," மகனின் குரல் உடைந்து வந்தது, "உம்மட்டை ஒண்டு..."

ஜெகதீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

வீடு கப்சிப் என்று ஆனது.

பக்கத்து வீட்டில் புல்லு வெட்டுகிற மெஷின் தொடங்கியது. நின்றது. தேத்தண்ணி ஆடை கட்டியது. எழுந்து ஒற்றைக் காலில் கெந்திக் கெந்திச் சாமி அறை வாசல் வரைக்கும் போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் என்று வேண்டினாள். கொஞ்சம் யோசித்து, மோதகமும் என்று சேர்த்தாள். இவ்வளவு நேரம் எதற்கு? ஓம் என்பதற்கு ஒரு சொல் போதுமே? இல்லை என்பதற்குத்தானே விளக்கம் வேண்டும்?

போன் அடித்தது.

சோபாவுக்குப் பாய்ந்தாள். மாவுக்கட்டு ஸ்டூலில் இடித்தது. வலி தெரியவில்லை. விதுர்சனின் நம்பர். ஆனால் குரல் ஹம்சினியுடையது. ஒரே மூச்சு வாங்கல்.

"ஆன்ட்டி..."

"சொல்லு பிள்ளை."

"ஒரு பெரிய பிரச்சனை."

ஜெகதீஸ்வரியின் இதயம் டெக்கில் வழுக்கியது.

"சரின்னு சொல்லிட்டேன் ஆன்ட்டி. அதை விடுங்க. எங்களால கீழ இறங்க முடியல!" மேலே சொல்ல விடாமல் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "படியில ஒரு அங்கிள் உக்காந்திருக்கார். எழுந்திருக்க முடியலியாம். அவருக்குக் கீழ உங்க வீட்டுக்காரர் கதை சொல்லிட்டே இருக்கார். அவரை எப்படி நிறுத்தறது?"

ஜெகதீஸ்வரி சிரித்தாள். அழுதாள். எது முந்தியது என்று அவளுக்கே தெரியவில்லை.

"அது எனக்கு இண்டைக்கு வரைக்கும் பிடிபடேல்லை, பிள்ளை. இந்த வீட்டுக்கு வாறியள்தானே, ரெண்டு பேருமாச் சேந்து கண்டுபிடிப்பம்."

"விது எல்லாத்தையும் சொன்னான். நீங்க போனை கட் பண்ணிட்டீங்கன்னும் சொன்னான்." சிரிப்பு ஒரு கணம் நின்றது. "தேங்க்ஸ் ஆன்ட்டி."

ஜெகதீஸ்வரி பதில் சொல்வதற்குள் படிக்குள்ளிருந்து, அருமைநாதனையும் தாண்டிக்கொண்டு, தொண்டை கட்டிய ஒரு குரல் பரிதாபமாய் ஏறி வந்தது.

"கதையில ராசாவையும் சாகடிச்சுட்டன்! ராசாத்தியையும் சாகடிச்சுட்டன்! குதிரை மட்டும்தான் மிச்சம்! மேல முடிஞ்சுதோ?"

"சொல்லிடலாமா, ஆன்ட்டி?" ஹம்சினி கேட்டாள்.

"உமக்குச் சம்மதமோ? கூட்டம், கேமரா..."

"கேக்கறப்பதான் வேண்டாம்னேன். கேட்டாச்சே! பாவம், ரொம்ப நேரமா அடக்கி வச்சிருக்கார்."

"அப்ப அவரே சொல்லட்டும்."

ஹம்சினி படிக்குள் குனிந்து கத்தினாள். "மாமா! ஓகே!"



பிறகு இத்தாலி தேசத்து மலையொன்றின் மேல், பேரின்பநாதன் என்கிற மனிதர் இவ்வளவு நேரமும் தொண்டைக்குள் கட்டி வைத்திருந்ததை அவிழ்த்து விட்டார். என்ன சொன்னார் என்று ரொக்ஸ்பரோவுக்கு விளங்கவில்லை. அதைத் தொடர்ந்து எழுந்த ஆரவாரம் மட்டும் கேட்டது. அத்தனை மஞ்சள் தொப்பிகளும் ஒரே நேரத்தில் போட்ட கூச்சல். கோட்டைப் புறாக்கள் எல்லாம் ஒன்றாய்க் கிளம்பிய சடசடப்பு. நடுவில் அருமைநாதனின் குரல்: "முதல்ல என்னை ஆராவது தூக்கிவிடுங்கோ!"

ஜெகதீஸ்வரி ஒற்றைக் காலில் நின்று ஆடினாள். பார்க்க ஒருவரும் இல்லை என்பதால் இன்னும் கொஞ்சம் ஆடினாள்.

போன் துடிக்கத் தொடங்கியது. ஒன்று, இன்னொன்று, பிறகு நிற்காமல். செய்தி அதற்குள் கடல் கடந்துவிட்டது. முதலாவது, கோயில் வாட்ஸ்அப் குழுவில். மோன்றியலிலேயே டொலார்ட் பக்கம் இருக்கிற யாரோ ஒரு அக்கா.

"வாழ்த்துகள் ஜெகதீஸ்வரி! பொம்பிளை எந்த ஊர்?"

ஜெகதீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாய்த் தட்டினாள்.

"கர்க்லாண்ட்."